மனநல உதவி தேடும் குடும்பத்துக்கு: முதல் அழைப்பிலிருந்து உரிமை மனு வரை, தமிழ்நாட்டில் எதை எந்த வரிசையில் செய்வது

வீட்டில் ஒருவருக்கு மனநிலை சரியில்லை என்று தெரிந்ததும், பல குடும்பங்கள் எல்லா வேலையையும் ஒரே வாரத்தில் முடிக்கப் பார்க்கின்றன. யாரோ சொன்ன டாக்டரிடம் ஓடுகிறார்கள், அவர் சரியில்லை என்று இன்னொருவரிடம் போகிறார்கள், கையில் ஒரு சீட்டுகூட இல்லாமல் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறார்கள். இவற்றில் எதுவும் தேவையில்லாத வேலை அல்ல. வரிசை மாறிப்போவதால்தான் அலைச்சல் கூடுகிறது.

குடும்பங்களோடு மருத்துவமனைக்கும் அலுவலகங்களுக்கும் போய் வந்ததில், எது எதற்கு முன்னால் வர வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகியிருக்கிறது. அந்த வரிசையை இங்கே தருகிறேன். உதவி தேவைப்படுபவர் நீங்களே என்றாலும் வரிசை இதுதான்.

தொடங்கும் முன்: ஒரு ஃபைல்

ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், பாஸ்போர்ட் அளவு புகைப்படங்கள், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் அதன் நகல் ஆகியவற்றை ஒரே ஃபைலில் போடுங்கள். இதுவரை எந்த டாக்டரிடம் காட்டியிருந்தாலும் அந்தச் சீட்டுகளையும் சேருங்கள்.

சான்றிதழுக்குப் போனாலும், இன்சூரன்ஸுக்குப் போனாலும், "சிகிச்சை எப்போது ஆரம்பித்தது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்குப் பதில் முதல் ஓ.பி. சீட்டில் இருக்கிறது. குணமானதும் வேண்டாத நினைவு என்று அதைத்தான் பலர் கிழித்துப் போடுகிறார்கள்.

மருந்துக்கடை பில் வழவழப்பான தாளில் வருகிறது. சில மாதங்களில் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய வாரமே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

1. இன்றைக்கு ஆபத்து உண்டா என்று முதலில் பாருங்கள்

நோய் என்ன என்று கண்டுபிடிப்பது டாக்டரின் வேலை. இன்றிரவு அவர் பத்திரமாக இருப்பாரா என்று பார்ப்பது வீட்டில் இருப்பவரின் வேலை. அதற்கு நேராகக் கேட்க வேண்டும்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படத் தேவையில்லை. நேராகக் கேட்பது எண்ணத்தை உண்டாக்குவதில்லை. மனசுக்குள் அடைத்து வைத்ததைச் சொல்ல அது ஒரு வழி திறக்கிறது.

ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும், மொத்தமாக வாங்கி வைத்த மாத்திரைகளையும் வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். ஒளித்து வைப்பது போதாது. எப்படி, எப்போது என்று அவர் யோசித்தே வைத்திருந்தால் உடனே 108 அல்லது 112-ஐ அழையுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

"கேஸ் ஆகிடுமே" என்ற பயத்தில் மருத்துவமனைக்குப் போகத் தயங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 115-ஆம் பிரிவுப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும். அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியையே குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309 போன்ற பிரிவு இல்லை. மருத்துவமனையில் எம்.எல்.சி. (போலீஸுக்குத் தெரிவிக்கும் மருத்துவ-சட்டப் பதிவு) போடுவார்கள், போலீஸார் வந்து விவரம் கேட்கலாம். அது நடைமுறை. அதற்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னும் மூன்று நிலைமைகள் மனநோய் போலத் தெரிந்தாலும், அன்றைக்கே பொது அவசரப் பிரிவில் காட்ட வேண்டியவை. வயதானவர் ஓரிரு நாளில் திடீரெனக் குழம்பிப் பேசுவது: காய்ச்சல், கிருமித்தொற்று, உப்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். தினமும் குடித்தவர் நிறுத்திய சில நாட்களில் கை நடுங்கி, இல்லாததைப் பார்ப்பது: உயிருக்கே ஆபத்தாகலாம். பிரசவித்த சில வாரங்களுக்குள் தாய் தூக்கமே இல்லாமல் சம்பந்தமில்லாமல் பேசுவது: தாய்க்கும் குழந்தைக்கும் பாதுகாப்பு தேவைப்படும் அவசரம்.

2. பார்ப்பதை எழுதுங்கள்

உடனடி ஆபத்து இல்லையென்றால், டாக்டரைப் பார்க்கும் முன் இரண்டு மூன்று நாள் குறிப்பு எழுதுங்கள். தூக்கம், சாப்பாடு, குளியல், வேலை அல்லது படிப்பு, பேச்சு இவை எப்படி மாறியிருக்கின்றன, எப்போதிலிருந்து என்று எழுதினால் போதும்.

முத்திரை குத்தாமல் நடந்ததை அப்படியே எழுதுங்கள். "கண்டபடி பேசுறான்" என்பது டாக்டருக்கு உதவாது. "ராத்திரி 2 மணிக்கு எழுந்து ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, எதிர்வீட்டில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான்" என்பது உதவும்.

ஓ.பி.யில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது: "எத்தனை நாளாத் தூக்கம் இல்லை?" என்று டாக்டர் கேட்கிறார். அம்மா ஒரு மாதம் என்கிறார், அண்ணன் தீபாவளியிலிருந்து என்கிறார், அப்பா "எல்லாம் காலேஜ்ல சேர்த்ததுலேர்ந்துதான் சார்" என்கிறார். சம்பந்தப்பட்ட பையன் ஒன்றும் பேசாமல் நிற்கிறான். அவனைக் கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. தேதி போட்ட ஒரு பக்கக் குறிப்பு இருந்தால் அந்த நேரம் அவனுக்குக் கிடைத்திருக்கும்.

குறிப்பில் விடக்கூடாத சில: இப்போது எடுக்கும் எல்லா மருந்துகளும் (சித்தா, ஆயுர்வேதம் உட்பட), குடி, கஞ்சா பழக்கம், தலையில் அடிபட்டது, வலிப்பு, தைராய்டு, குடும்பத்தில் வேறு யாருக்காவது இது போன்ற நோய். குடிப்பழக்கத்தை டாக்டரிடம் மறைத்தால் தவறான மருந்து போய்ச்சேரும்.

அவரால் முடிந்தால் அவரும் தனியாக ஒரு பக்கம் எழுதட்டும். அதை நீங்கள் படிக்கக் கேட்காதீர்கள்.

3. 14416-ஐ அழையுங்கள்

எங்கே போவது என்று தெரியாதபோது முதல் அழைப்பு இதற்குத்தான். டெலி-மானஸ் என்ற இந்த இலவச அரசு சேவை 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். இன்னொரு எண் 1800-891-4416.

பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. குடும்பத்தினரும் அழைக்கலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள். உங்கள் மாவட்டத்தில் எந்த மருத்துவமனையில், எந்த நாளில் மனநல ஓ.பி. நடக்கிறது என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி ஒரு வீண் பயணத்தை மிச்சப்படுத்தும்.

அழைப்பைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதுதான் இங்கே வரும் தவறு. "போன்ல பேசினோம், ஒண்ணும் பிரச்சினை இல்லைன்னுட்டாங்க" என்று நிறுத்திவிடுகிறார்கள். போனில் கிடைப்பது வழிகாட்டலும் ஆறுதலும். நேரில் பார்க்க வேண்டியதை நேரில்தான் பார்க்க வேண்டும்.

மற்ற எண்கள்: தமிழக அரசின் மருத்துவ உதவிக்கு 104, குழந்தைகளுக்கு 1098, வன்முறையில் சிக்கிய பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567, போதைப் பழக்கத்துக்கு 14446. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்பில் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. இவற்றைப் போனில் இப்போதே பதிந்து வையுங்கள். நெருக்கடி நேரத்தில் கை நடுங்கும்போது தேட வராது.

4. யாரிடம் போவது

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவத்தில் எம்.டி., டி.பி.எம். அல்லது டி.என்.பி. படித்தவர். மருந்து எழுதுபவர் இவர்தான். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். அவர் உளவியல் சோதனைகளும் பேச்சுவழிச் சிகிச்சையும் செய்வார். அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவெண் இருக்க வேண்டும். எண்ணைக் கேட்பது அவமரியாதை இல்லை. முறையாகப் படித்தவர் தயங்காமல் சொல்வார். மனநல சமூகப் பணியாளர் குடும்பம், வேலை, அரசுத் திட்டம் என்ற பக்கத்தைப் பார்த்துக்கொள்வார். அவரைத் தேடிப் பிடியுங்கள். ஓ.பி.யில் டாக்டருக்கு நேரம் இல்லாத கேள்விகளுக்கு அவரிடம்தான் பதில் இருக்கும்.

"கவுன்சிலர்" என்ற பலகையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நல்ல ஆலோசகர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் குறுகிய காலப் பயிற்சியை முடித்தவரும் அதே பலகையை மாட்டிக்கொள்ளலாம். குரல் கேட்பது, அதீத சந்தேகம், பல நாள் தூங்காமல் உற்சாகத்தில் திரிவது, சாகும் எண்ணம் இருந்தால் முதலில் மனநல மருத்துவர், அப்புறம்தான் ஆலோசனை. தேர்வு பயம், பிரிவு, துக்கம், உறவுச் சிக்கல் என்றால் ஆலோசகரிடம் தொடங்கலாம்.

5. முதல் நாள் ஓ.பி.

தமிழ்நாட்டில் எல்லா மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. மாவட்டத் திட்டத்தின் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வரும். அந்த நாளை முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

காலையிலேயே போய்விடுங்கள். முடிந்தால் இருவர் துணைக்குப் போங்கள். ஒருவர் வரிசையில் நிற்க, ஒருவர் அவருடன் வெளியே உட்கார்ந்திருக்கலாம். கூட்டத்தில் காத்திருக்க முடியாமல் அவர் எழுந்து போய்விட்டால் அன்றைய பயணம் வீண்.

உள்ளே போனதும் முதலில் அவரைப் பேச விடுங்கள். குறிப்பை டாக்டரிடம் கொடுத்துவிட்டு, "இவர் உங்களிடம் தனியாகப் பேச விரும்பலாம்" என்று சொல்லுங்கள். அவர் சொன்னதை அவர் அனுமதி இல்லாமல் டாக்டர் வெளியே சொல்லக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. பாதுகாப்புக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு.

தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைபாடு போன்றவை மனச்சோர்வு போலவே தெரியும். ரத்தப் பரிசோதனை எழுதினால் "மனசுக்கு எதுக்கு ரத்தம்?" என்று தவிர்த்துவிடாதீர்கள்.

கிளம்பும் முன் கேட்க வேண்டியவை: மருந்து வேலை செய்ய எத்தனை நாள் ஆகும்? என்ன பக்கவிளைவு வந்தால் உடனே வர வேண்டும்? ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது? அடுத்து எப்போது வர வேண்டும்? பதிலைச் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். சீட்டில் எஃப் 20, எஃப் 31, எஃப் 32 போன்ற குறியீடு இருக்கலாம். அவை சர்வதேச நோய்ப் பட்டியலின் எண்கள்: 20 மனச்சிதைவு, 31 இருமுனைக் கோளாறு, 32 மனச்சோர்வு. முதல் நாள் எழுதியது பிறகு மாறலாம். அதனால் எண்ணைப் பார்த்துப் பயப்படாமல் டாக்டரிடம் விளக்கம் கேளுங்கள்.

6. அவர் வர மறுத்தால்

குடும்பங்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. "எனக்குத்தான் உடம்பு சரியில்லை, துணைக்கு வா" என்று பொய் சொல்லி அழைத்துப் போவது முதல் தடவை பலிக்கும். அடுத்த தடவை அவர் வாசலைத் தாண்ட மாட்டார். சிகிச்சை வருடக்கணக்கில் நீளலாம் என்பதால் அந்த நம்பிக்கை போனால் திரும்பப் பெறுவது கஷ்டம்.

அவரே ஒப்புக்கொள்ளும் ஒரு கஷ்டத்திலிருந்து தொடங்குங்கள். "உனக்கு மனநோய்" என்பதை அவர் ஏற்க மாட்டார். "ராத்திரி தூக்கமே வரலைன்னு சொன்னியே, அதுக்குக் காட்டலாம்" என்பதை ஏற்கலாம். முதலில் பழக்கமான பொதுமருத்துவரிடம் போவதும் நல்ல வழி.

சாப்பாட்டில் மாத்திரையைக் கலந்து கொடுக்காதீர்கள். அளவு தெரியாது, பக்கவிளைவு வந்தால் அவருக்குக் காரணம் புரியாது. ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால் சாப்பாட்டையே சந்தேகிக்கத் தொடங்குவார்.

அவருக்கோ பிறருக்கோ உண்மையான ஆபத்து என்றால் 112-ஐ அழைக்கலாம். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவுப்படி, போலீஸார் அப்படிப்பட்டவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது. தெருவில் ஆதரவின்றித் திரிபவருக்கும் இதே பிரிவுதான். தமிழகத்தில் இப்படிப்பட்டவர்களுக்காகப் பல மாவட்டங்களில் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் செயல்படுகின்றன. ஒரு வீட்டுக்குள் யாரையாவது கட்டிப்போட்டோ பட்டினி போட்டோ வைத்திருப்பது தெரிந்தால் 101-ஆம் பிரிவைச் சொல்லிக் காவல் நிலையத்தில் தகவல் கொடுக்கலாம்.

7. உள்நோயாளியாகச் சேர்க்கும்போது

"எந்தப் பிரிவில் சேர்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அதைப் பொறுத்துத்தான் வெளியே வரும் உரிமை இருக்கிறது.

86-ஆம் பிரிவு: தானே விரும்பிச் சேர்பவர். இவர் போக வேண்டும் என்று கேட்டால் அனுப்ப வேண்டும். நிலைமையை மதிப்பிட வேண்டியிருந்தால் அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்திவைக்கலாம்.

89-ஆம் பிரிவு: முடிவெடுக்க அதிக உதவி தேவைப்படும் நிலையில், ஆபத்து இருக்கும்போது, அவருடைய நியமனப் பிரதிநிதி (சிகிச்சை முடிவுகளில் அவருக்குத் துணை நிற்கும் பொறுப்புள்ளவர்) கேட்டுச் சேர்ப்பது. ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல வல்லுநரோ டாக்டரோ தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். 30 நாள்தான் உச்ச வரம்பு. பெண் அல்லது 18 வயதுக்குட்பட்டவர் என்றால் 3 நாளிலும், மற்றவர் என்றால் 7 நாளிலும், நோயாளிகளின் உரிமையைக் காக்க இந்தச் சட்டம் வைத்திருக்கும் மனநல சீராய்வு மன்றத்துக்கு மருத்துவமனை தெரிவிக்க வேண்டும். 30 நாளுக்கு மேல் போனால் 90-ஆம் பிரிவு. அதற்கு இரண்டு மனநல மருத்துவர்களின் பரிசோதனையும் மன்றத்தின் அனுமதியும் தேவை.

தனியார் காப்பகம் என்றால் இன்னும் கவனம். மனநோய் உள்ளவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இடமும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் எந்த நாட்களில் வருகிறார், குடும்பத்தினர் எப்போது பார்க்கலாம் என்று கேளுங்கள். "மூணு மாசம் யாரும் வரக்கூடாது" என்று சொல்லும் இடத்தில் விடாதீர்கள். பார்வையாளரைச் சந்திக்கவும் போனில் பேசவும் அவருக்கு உரிமை உண்டு. சங்கிலியால் கட்டுவது 95-ஆம் பிரிவில் தடைசெய்யப்பட்டது. கட்டாயமாக மொட்டை அடிப்பதற்கும் சட்டம் இடம் தரவில்லை. இந்த விஷயத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி வாங்காமல் வெளியே வராதீர்கள். தன் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமை 25-ஆம் பிரிவில் இருக்கிறது.

8. மருந்தும் தகவலும்

மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். அதனால்தான் பலர் பத்து நாளில் நிறுத்திவிடுகிறார்கள். நன்றாக இருக்கிறது என்று தோன்றும் நாளிலும் தானாக நிறுத்தக் கூடாது. மெல்ல மெல்லக் குறைக்க வேண்டிய மருந்துகள் இவை. லித்தியம், குளோசபைன் போன்றவற்றுக்குக் குறித்த இடைவெளியில் ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று 18-ஆம் பிரிவு சொல்கிறது. ஸ்டாக் இல்லை என்றால் எந்த நாள் இல்லை என்றார்கள் என்று குறித்துவைத்து, மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

நோயைப் பற்றிப் படிப்பதை முதல் சந்திப்புக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் தேடினால் எல்லா நோயும் பொருந்துவது போலத் தோன்றும். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ், உலக சுகாதார நிறுவனம், சென்னையில் 1984 முதல் இயங்கும் மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பான ஸ்கார்ஃப் போன்றவை தரும் தகவல்களிலிருந்து தொடங்கலாம். வீடியோ என்றால், பேசுபவர் யார், என்ன படித்தவர், கடைசியில் எதையாவது விற்கிறாரா என்று பாருங்கள். "மருந்தே இல்லாமல் நிரந்தரக் குணம், உத்தரவாதம்" என்று வந்தால் அங்கேயே மூடிவிடுங்கள்.

9. நன்றாக இருக்கும் நாளில் செய்ய வேண்டிய எழுத்துவேலை

இதை அநேகமாக யாரும் செய்வதில்லை. ஆனால் அடுத்த நெருக்கடியில் அதிகம் உதவுவது இதுதான்.

14-ஆம் பிரிவுப்படி, 18 வயது நிறைந்த யாரும் தன் நியமனப் பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுக்கலாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். பிரதிநிதியாக வருபவர் 18 வயது நிறைந்தவராக இருந்து, சம்மதத்தை எழுத்தில் தர வேண்டும். யாரையும் குறிப்பிடாவிட்டால் உறவினரிடம் அந்தப் பொறுப்பு போகும். எந்த உறவினர் என்பதில் சண்டை வரும் குடும்பங்களில் இந்த ஒரு தாள் பெரிய உதவி. குறிப்பாக, கணவன் வீட்டாருடன் பிரச்சினை உள்ள பெண்கள் இதைச் செய்துவைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

5-ஆம் பிரிவில் முன்கூட்டிய அறிவுறுத்தல் என்று ஒன்று உண்டு. எனக்கு நோய் முற்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே எழுதிவைப்பது. இதற்குச் சாட்சியும் டாக்டர் சான்றும் தேவை. படிவத்தை மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடமோ சீராய்வு மன்றத்திலோ கேளுங்கள்.

10. சான்றிதழ், வேலை, இன்சூரன்ஸ்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் உள்ள 21 வகைகளில் மனநோயும் ஒன்று. 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பல சலுகைகள் திறக்கின்றன. விண்ணப்பம் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில், யூ.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள) அட்டைக்காக. உதவிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

சிகிச்சை தொடங்கிய மறுவாரமே விண்ணப்பிக்காதீர்கள். ஐடியாஸ் என்ற அளவுகோலில் நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள்: தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது. எத்தனை காலமாக நோய் இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. அதற்குத்தான் பழைய சீட்டுகள்.

விண்ணப்பத்தில் "அறிவுசார் குறைபாடு" என்பதைத் தவறாகத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. மனநோய் வேறு பிரிவு. அதேபோல், தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் பாதுகாவலர் நியமனமும் நிராமயா காப்பீடும் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டும். மனநோய்க்கு அங்கே மனுப் போட்டு மாதங்களை இழக்காதீர்கள்.

மதிப்பீட்டு நாளில் அம்மா, "இப்ப எல்லாம் நல்லாத்தான் இருக்கான் சார்" என்று சொல்லிவிடுவார். பிள்ளையை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற பாசம் அது. ஆனால் யாராவது சொன்னால்தான் குளிக்கிறான், தனியே பஸ் ஏற முடியவில்லை என்பதெல்லாம் மதிப்பீட்டில் வராமல் போய்விடும். குறிப்பு நோட்டைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

"சான்றிதழ் வாங்கினால் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிடுவாரே, சொத்து என்னாகும்?" என்ற கேள்வி எப்போதும் வரும். மனநோய் இருப்பதாகத் தீர்மானிப்பது மட்டுமே ஒருவரை அப்படி ஆக்கிவிடாது, அதற்கு நீதிமன்றம் தனியாக அறிவிக்க வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்கிறது.

வேலை: மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத அரசுப் பணி ஒதுக்கீட்டில் மனநோய் உள்ளவர்களுக்கும் பங்கு உண்டு. அரசுப் பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தால், அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. மன அழுத்தம் தாங்காமல் ராஜினாமா எழுதிக் கொடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவ விடுப்பு எடுங்கள், ராஜினாமா வேண்டாம்.

இன்சூரன்ஸ்: உடல்நோய்க்குத் தரும் அடிப்படையிலேயே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு. பாலிசி எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோயை மறைக்காதீர்கள். பிறகு அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். கிளெய்ம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதி, 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியில்லாவிட்டாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஓராண்டுக்குள் போய்விட வேண்டும்.

11. கவனித்துக்கொள்பவருக்கு

எல்லாப் பொறுப்பும் ஒருவர் தலையில் விழுந்தால், அவரும் சில மாதங்களில் படுத்துவிடுவார். மருந்து வாங்குவது, ஓ.பி.க்குக் கூட்டிப் போவது, அலுவலக வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள். வெளியூரில் இருக்கும் தம்பியால்கூட இணைய விண்ணப்பத்தைப் பார்த்துக்கொள்ள முடியும்.

ஸ்கார்ஃபைச் சுற்றி உருவான குடும்பத்தினரின் அமைப்பான ஆஷா சென்னையில் இருக்கிறது. 1993-இல் தொடங்கிய பான்யன், வீடற்ற மனநோயாளிகளுக்காகப் பணியாற்றுகிறது. குடிநோய் என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடும்பத்தினருக்கு அல்-அனான். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. முதல் கூட்டத்தில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் போதும்.

12. உரிமை மறுக்கப்பட்டால்

மருத்துவமனையில் குறை என்றால் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு ஒரு வரிசை வைத்திருக்கிறது: முதலில் அந்த நிறுவனத்தின் பொறுப்பு மருத்துவர், அடுத்து மனநல சீராய்வு மன்றம், அதற்கும் மேல் மாநில மனநல ஆணையம். முதல் படியைத் தாண்டி நேராக மேலே போனால், "கீழே கேட்டீர்களா?" என்று திரும்பி வரும். நேரில் சொன்னது கணக்கில் வராது. எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. யார், எந்தத் தேதியில், என்ன நடந்தது, எந்தப் பிரிவு மீறப்பட்டது, என்ன செய்ய வேண்டும். ஐந்து குறைகளை ஒரே மனுவில் எழுதினால் எளிதான ஒன்றுக்குப் பதில் தந்து மனுவை முடித்துவிடுவார்கள். ஒரு மனுவுக்கு ஒரு குறை.

சான்றிதழ், உதவித்தொகை தாமதம் என்றால் திங்கட்கிழமை நடக்கும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம், முதல்வரின் முகவரி எண் 1100. வேலையிலோ படிப்பிலோ பாகுபாடு காட்டினால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர்.

வக்கீல் தேவைப்பட்டால் முதலில் பணம் தேடாதீர்கள். மாற்றுத்திறனாளிகள், பெண்கள், குழந்தைகள், மனநல மருத்துவமனையில் அடைபட்டிருப்பவர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இன்படி இலவச வக்கீலுக்குத் தகுதியானவர்கள். 15100-ஐ அழைக்கலாம், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, ஏற்கெனவே கொடுத்த மனுக்களின் முத்திரையிட்ட நகல்கள், நியமனப் பிரதிநிதித் தாள் மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்து எடுத்துப்போங்கள். அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.